நான்கு சுவர்களுக்குள் ஒரு கேமரா

கட்டடங்களின் உட்புறத்தைப் படமெடுக்கத் தொடங்கும் ஆர்வலரின் முதல் படங்களில் சில குறைகள் பெரும்பாலும் தவறாமல் தோன்றுகின்றன: சன்னல்கள் விவரம் ஏதுமின்றி வெளுத்துப்போகின்றன, சுவர்கள் உட்புறமாகச் சாய்கின்றன, சட்டகத்தின் ஓரத்தில் அகப்பட்ட குடமோ நாற்காலியோ இழுபட்டு நீள்கிறது, ஒரே சுவரின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறு பாதி நீலமாகவும் தெரிகிறது. இவற்றுக்குக் கேமராவைக் குற்றவாளியாக்கி, அதைவிட விலை கூடிய கருவியை நாடுவோர் பலர். ஆனால் இந்நான்கில் எதுவும் கருவியின் பழுது அன்று. லென்ஸின் முன் இருந்த ஒளியை அதன் அளவிலும் திசையிலும் நிறத்திலும் கேமரா ஏறத்தாழ உள்ளபடியே பதிந்திருக்கிறது. அறைக்குள் நிற்கும் மனிதரின் கண்ணும் மூளையுமே அதே ஒளியை நொடிதோறும் திருத்திக்கொண்டு, சாய்வும் வெளுப்பும் இல்லாத ஓர் அறையை அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தத் திருத்தத்தில் ஒரு பகுதியைப் படமெடுப்பவர் தம் கையால் செய்ய வேண்டியிருப்பதே உட்புற ஒளிப்படத்தின் கடினம்.

ஒரு பரப்பின்மீது விழும் ஒளி லக்ஸ் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. நண்பகல் வெயிலில் திறந்த வெளியில் இது ஏறத்தாழ 1,00,000 லக்ஸ்; வீட்டுக் கூடத்திலோ 100 லக்ஸ் இருந்தாலே வசதியாகப் புழங்க முடியும். ஆக, வெளி முற்றத்துக்கும் உட்கூடத்துக்கும் இடையிலான வேறுபாடு ஆயிரம் மடங்கு. இத்துடன் பொருள்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும் தன்மையும் சேர்ந்துகொள்கிறது: வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்பும்போது, எண்ணெய் ஏறிக் கறுத்த மரத்தூண் 5 விழுக்காட்டையே திருப்புகிறது என்று கொண்டால், அது மேலும் 16 மடங்கு. எனவே வெயிலில் நிற்கும் எதிர்வீட்டுச் சுவரும் கூடத்து மூலைத் தூணும் ஒரே சட்டகத்துக்குள் வரும்போது அவற்றின் பொலிவு விகிதம் 16,000-ஐ எட்டிவிடுகிறது. ஒளி இரு மடங்காவதையோ பாதியாவதையோ ஒளிப்படக்கலையில் ஒரு ஸ்டாப் என்பர். 16,000 மடங்கு என்பது ஏறத்தாழ 14 ஸ்டாப். இன்றைய சிறந்த கேமராக்களின் உணரி, அதாவது ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சில்லு, ஆய்வக அளவீட்டில் இந்த எல்லையைத் தொடக்கூடியதே எனினும், அந்த வீச்சின் கடைசிப் படிகள் இரைச்சலில் மூழ்கிக்கிடப்பதால் நடைமுறையில் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. திறன்பேசியின் சிறிய உணரிக்கு ஒரே பதிவில் கிடைப்பது இன்னும் குறைவு.

கேமராவின் மொழியில் இதே கணக்கு மேலும் தெளிவாகிறது. உணரியின் வேகத்தை ஐஎஸ்ஓ 100 என்றும், லென்ஸின் குவியத்தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் துளை எண்ணை எஃப்/8 என்றும் நிறுத்தினால், வெயிலில் நிற்கும் சுவருக்கு ஷட்டர் 1/500 நொடி திறந்திருந்தால் போதும். 100 லக்ஸ் ஒளியுள்ள கூடத்துக்கோ ஒன்றரை நொடிக்கும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். ஒரே அழுத்தத்தில் இரண்டு நேரங்களையும் கொடுக்க முடியாததால், சன்னலுக்கு ஏற்ப அமைத்தால் அறை இருட்டாகிறது, அறைக்கு ஏற்ப அமைத்தால் சன்னல் வெளுக்கிறது. மனிதக் கண்ணுக்கு இந்த நெருக்கடி இல்லாமற்போவது கண்பாவை சுருங்கி விரிவதால் மட்டும் அன்று. பாவையின் விட்டம் 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை மாறினாலும் ஒளி 16 மடங்கே, அதாவது 4 ஸ்டாப்பே மாறும். எஞ்சியதை விழித்திரை தன் உணர்திறனை இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டு ஈடுசெய்கிறது. மேலும் கண் கூர்மையாகப் பார்ப்பது எந்த நேரத்திலும் ஏறத்தாழ 2 பாகைக் கோணத்தை மட்டுமே. நொடிக்குச் சில முறை தாவித் தாவிச் சன்னலையும் மூலையையும் தனித்தனியே பார்த்துத் திரட்டியதையே மூளை ஒரே காட்சியாகத் தொகுத்து அளிக்கிறது. அறை என்று மனிதர் உணர்வது, வெவ்வேறு ஒளியளவில் எடுக்கப்பட்ட பல பார்வைகளின் தொகுப்பு.

இந்த முரண்பாடு ஒளிப்படக்கலையின் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது. இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழைய கேமரா நெகடிவ், இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள லேகாக் அபே என்னும் தம் மாளிகைக்குள் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் எடுத்தது. சிறிய மரப்பெட்டிக்குள் வெள்ளி உப்பு ஏற்றிய காகிதத்தை வைத்து அவர் நோக்கியது ஓர் அறையின் உள்ளிருந்து தெரிந்த கட்டமிட்ட சன்னலை. தபால்தலையை ஒட்டிய அளவேயுள்ள அந்த நெகடிவில், எடுத்த புதிதில், ஏறத்தாழ 200 கண்ணாடிக் கட்டங்களை உருப்பெருக்கியின் துணையுடன் எண்ண முடிந்தது என்று அவரே குறித்துவைத்தார். ஆனால் அதில் இருப்பது சன்னல் மட்டுமே. அவர் நின்ற அறை இல்லை. அந்தக் காகிதத்தை மாற்றும் அளவுக்கு ஒளி சன்னலிலிருந்து மட்டுமே வந்தது. கணிதம், தாவரவியல் எனப் பல துறைகளில் கைவைத்திருந்த, பிழைப்புக்காகப் படமெடுக்காத டால்பட்டைப் பொழுதுபோக்குக்காக உட்புறங்களைப் படமெடுத்தோரின் முன்னோடி என்று சொல்வதில் பெரிய மிகை இல்லை.

இந்தச் சிக்கலுக்கான நேரடித் தீர்வு, கண் செய்வதையே கேமராவைச் செய்யவைப்பது: ஒரே இடத்திலிருந்து ஒரே காட்சியைக் குறைந்த ஒளியிலும் மிகுந்த ஒளியிலும் பலமுறை எடுத்து, ஒவ்வொன்றிலும் சரியாகப் பதிந்த பகுதியை எடுத்துச் சேர்ப்பது. இதைக் கணினிக்கு உரிய முறையாக வகுத்துத் தந்தவற்றுள் பெயர்பெற்றது, பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் ஆகிய இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டும் ஒரு கட்டடத்தின் உட்புறமே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நினைவுத் தேவாலயத்துக்குள், 30 நொடியில் தொடங்கி ஒவ்வொரு ஸ்டாப்பாகக் குறைத்து 1/1000 நொடி வரை எடுத்த 16 படங்களிலிருந்து, வண்ணக் கண்ணாடிச் சன்னலின் பொலிவும் மாடத்தின் இருளும் ஒரே தரவுத்தொகுப்பில் அடங்கின. இன்று எச்டிஆர் என்ற பெயரில் திறன்பேசிகள் தாமாகவே செய்வது இதன் வழிவந்த வேலைதான், அவை பெரும்பாலும் நீண்ட பதிவுகளுக்குப் பதில் பல குறுகிய பதிவுகளை அடுக்கிச் சேர்க்கின்றன என்ற வேறுபாட்டுடன்.

ஆயினும் பதிந்துவிட்டதாலேயே சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. அச்சுத் தாளின் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 100 மடங்கே. கணினித் திரையில் அதைவிடக் கூடுதல் எனினும் 16,000 மடங்கு அரிது. ஆகவே பதிந்த வீச்சைக் குறுகிய வீச்சுக்குள் சுருக்கியே காட்ட வேண்டியிருக்கிறது. இதற்குத் தொனிச்சுருக்கம் என்று பெயர். தொடக்க நிலை ஆர்வலர் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். எல்லா மூலையிலும் எல்லாம் தெரிய வேண்டும் என்ற ஆசையில் நிழல்களை உயர்த்திக்கொண்டே போனால், அறை ஒரே சாம்பல் வெளிச்சத்தில் தட்டையாகி, சன்னல் சட்டங்களைச் சுற்றிப் புகைபோன்ற ஒளிவட்டங்கள் படர்கின்றன. சன்னலுக்கு அருகே பொலிவும் உள்ளே செல்லச் செல்ல மங்கலும் இருப்பதுதான் அறையின் ஆழத்தைக் கண்ணுக்குச் சொல்லும் குறிப்பு என்பதால், அந்த மங்கலை முற்றிலும் துடைப்பது அறையையே துடைப்பதற்குச் சமம். லண்டனில் புத்தகக் கடை நடத்தி, 1898-இல் அத்தொழிலிலிருந்து ஓய்வுபெற்றுத் தேவாலய உட்புறங்களை எடுப்பதில் பெயர்பெற்ற ஃபிரடெரிக் எவன்ஸ் இதை நன்கு அறிந்திருந்தார். வெல்ஸ் தேவாலயத்தின் தேய்ந்த கற்படிகளைக் காட்டும் அவருடைய 1903-ஆம் ஆண்டுப் படத்தின் பெயரிலேயே கடல் வருகிறது. அந்தப் படிகளுக்கு அலைபோன்ற புடைப்பைத் தருவது சாய்ந்து விழும் ஒளியும் அது விட்டுச்செல்லும் நிழலுமே. இருக்கைகளை அப்புறப்படுத்தச் செய்தும், வேண்டிய ஒளி வரும்வரை நாள்கணக்கில் காத்திருந்தும் படமெடுத்த அவர், மென்சாம்பல் படிகளை நுணுக்கமாகக் காட்டவல்ல பிளாட்டினம் தாளில் அச்சிட்டார். நெகடிவில் கைவைத்துத் திருத்துவதை அவர் ஏற்கவில்லை.

அடுத்தது வடிவியல். நிமிர்ந்த சுவரின் இரு விளிம்புகள் படத்திலும் இணையாக இருக்க வேண்டுமானால், உணரியின் தளம் அந்தச் சுவருக்கு இணையாக, அதாவது தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கேமராவைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்தாலும், சுவரின் மேற்பகுதி அந்தத் தளத்திலிருந்து கீழ்ப்பகுதியைவிடத் தொலைவில் உள்ளதாகிவிடுகிறது. தொலைவிலுள்ளது சிறிதாகப் பதியும் என்பதால் விளிம்புகள் மேலே கூடிவருகின்றன. தலையை உயர்த்திக் கோயில் மண்டபத்தின் விதானத்தைப் பார்ப்பவருக்கும் விழித்திரையில் இதே கூடுகை நிகழ்கிறது; ஆனால் தலை சாய்ந்திருப்பதை உட்செவியின் சமநிலை உறுப்பும் கழுத்துத் தசைகளும் மூளைக்குத் தெரிவிப்பதால், தூண்கள் நேராக நிற்பவையாகவே உணரப்படுகின்றன. படத்தைப் பின்னர் மேசையில் வைத்துப் பார்ப்பவரின் கழுத்து சாய்ந்திருப்பதில்லை.

எனவே தொடக்கத்தில் கற்க வேண்டிய பழக்கம் எளியது: கேமராவை மட்டம் பார்த்து நிறுத்துவது. சாதாரண உயரமுள்ள அறையில் கேமரா மார்பளவிலோ அதற்குச் சற்றுக் கீழோ, தரைக்கும் மச்சுக்கும் ஏறத்தாழ நடுவில் நின்றால், சாய்க்காமலேயே இரண்டும் அளவாக அடங்கிவிடும். உயர்ந்த மண்டபங்களில் இது போதாது. மட்டமாக நின்ற கேமரா பாதிச் சட்டகத்தைத் தரைக்கே செலவிடும். இதற்காகப் பழைய பெருவடிவக் கேமராக்களில், உணர்தகட்டை நிமிர்ந்தபடி விட்டுவிட்டு லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் ஏற்பாடு இருந்தது. அதையே சிறிய கேமராவுக்குக் கொண்டுவந்த 35 மில்லிமீட்டர் நகர்வு லென்ஸை நிக்கான் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. விலை கருதி அதை வாங்காதவர் மென்பொருளில் செங்குத்துக்கோடுகளை நேராக்கிக்கொள்ளலாம். ஆனால் அவ்வாறு செய்கையில் மேற்பகுதி அகலமாக இழுக்கப்பட்டு அங்கே கூர்மை குறைவதோடு, ஓரங்களும் வெட்டுப்படும் என்பதால், எடுக்கும்போதே நாற்புறமும் இடம் விட்டு எடுப்பது நல்லது.

அகலக்கோண லென்ஸ் செய்யும் வேலை இதைவிட நுட்பமானது. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழுச்சட்டக உணரியில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் கிடைமட்டமாக 40 பாகையைக் காண்கிறது. 24 மில்லிமீட்டர் 74 பாகையையும், 16 மில்லிமீட்டர் 97 பாகையையும் காண்கின்றன. சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றும் அறை அடங்காதபோது அகலக்கோணத்தை நாடுவது இயல்பே. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் வகை லென்ஸ்களில், நடு அச்சிலிருந்து விலகிய பொருள்கள் வெளிப்புறமாக நீள்கின்றன. 45 பாகை விலகி இருக்கும் உருண்டை, அகலத்தைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நீளமுள்ள முட்டை வடிவமாகப் பதிகிறது. உணரிக்கு இணையான சுவரில் உள்ள சதுரச் சன்னலுக்கோ எந்த ஊறும் நேர்வதில்லை. ஆகவேதான் ஓரத்தில் நிற்கும் மனிதர் பருத்துத் தெரிகையில் அவருக்குப் பின்னாலுள்ள கதவு ஒழுங்காக இருக்கிறது. ஓவியர்கள் இதை முன்பே சந்தித்திருந்தனர்: வத்திக்கனில் ரஃபேல் 1509-க்கும் 1511-க்கும் இடையில் தீட்டிய ஏதென்ஸ் கல்விக்கூடச் சுவரோவியத்தில், வலது ஓரத்தில் நிற்போர் கையிலுள்ள உருண்டைகள் கண்டிப்பான தொலைவியல்புக் கணக்குப்படி நீள்வட்டமாக இருந்திருக்க வேண்டும், அவர் அவற்றை வட்டமாகவே வரைந்தார். லென்ஸுக்கு அந்தச் சலுகையைத் தரத் தெரியாது.

இந்த நீட்சியைப் பிழை என்பதைவிட, பார்க்கும் இடம் மாறியதன் விளைவு என்பதே சரி. 16 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த படத்தைப் பத்து மடங்காக்கி 36 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டு, நேர் நடுவில் 16 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால், நீண்ட உருண்டை மீண்டும் உருண்டையாகிவிடும்; ஏனெனில் கேமரா கண்ட அதே கோணங்களில் இப்போது கண்ணும் காண்கிறது. அவ்வளவு நெருங்கி எவரும் பார்ப்பதில்லை. ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளிப் பார்க்கும்போது கண்ணுக்குள் நுழையும் கோணங்கள் குறுகுவதால், கணக்கின்படி அறையின் ஆழம் மூன்று மடங்காகத் தோன்ற இடமுண்டு. வீட்டு விற்பனை விளம்பரங்களில் பத்தடி அறை கல்யாண மண்டபம்போல் விரிவதன் காரணம் இதுவே. அதில் பொய் எதுவும் இல்லை, வாங்குபவர் பார்க்கும் தொலைவு மட்டுமே தவறு. முழுச்சட்டகக் கணக்கில் 24 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்காமல் பழகுவது தொடக்க நிலையில் நன்மை தரும். அறை முழுவதும் அடங்காவிட்டால் ஒரு மூலையைத் திருத்தமாகக் காட்டலாம். கட்டடத்தைப் பற்றி அது பல வேளைகளில் கூடுதலாகவே சொல்லும்.

அகலத்துக்கு மற்றொரு விலையும் உண்டு. எளிய அகலக்கோண லென்ஸில் படத்தின் ஓரத்தை அடையும் ஒளி, விலகு கோணத்தின் கோசைன் மதிப்பின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. 45 பாகையில் அது நான்கில் ஒரு பங்கு, 65 பாகையில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. ஜெர்மனியின் கெர்ட்ஸ் நிறுவனம் 1900-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ஹைப்பர்கோன் என்னும் லென்ஸ் 130 பாகைக்கும் மேற்பட்ட காட்சியைப் பதிந்தது. நடுவில் குவியும் மிகையொளியை மட்டுப்படுத்த அதன் முன்னே விண்மீன் வடிவச் சிறு தகடொன்று பொருத்தப்பட்டு, ரப்பர் குமிழை அழுத்தி ஊதும் காற்றால் படமெடுக்கும்போதே சுழற்றப்பட்டது. இன்றைய லென்ஸ்களின் வடிவமைப்பும் மென்பொருளும் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

கூர்மை பற்றி நெடிது பேசத் தேவையில்லை. 24 மில்லிமீட்டர் லென்ஸில் துளையை எஃப்/8-இல் வைத்து 2.4 மீட்டரில் குவித்தால், வழக்கமான அளவுகோலின்படி 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் போதிய கூர்மையுடன் பதியும். ஓர் அறைக்கு இதற்குமேல் வேண்டியதில்லை. துளையை எஃப்/22 வரை சுருக்கினால் ஒளியின் விளிம்பு வளைவால் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 30 மைக்ரான் விட்டமுள்ள வட்டாகப் பரவிவிடுகிறது; 24 மெகாபிக்சல் முழுச்சட்டக உணரியின் ஒரு பிக்சல் 6 மைக்ரானே என்பதால், சுருக்கச் சுருக்கக் கூர்மை கூடும் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப்போகிறது. எஞ்சியது அசையாமல் நிறுத்துவது. ஒன்றரை நொடியைக் கையில் பிடித்து எடுக்க முடியாது. ஐஎஸ்ஓவை 3200-க்கு உயர்த்தி 1/20 நொடியில் எடுக்கலாம், ஆனால் உணரிக்குக் கிட்டும் ஒளித்துகள்கள் 32-இல் ஒரு பங்காகிவிடும். ஒளித்துகள்களின் வருகையில் உள்ள ஏற்றத்தாழ்வு அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் என்பதால், 10,000 துகள் விழும் இடத்தில் 1 விழுக்காடாக இருக்கும் இரைச்சல் 100 துகள் விழும் இடத்தில் 10 விழுக்காடாகிறது. ஆகவே விலையுயர்ந்த லென்ஸைவிட ஒரு டிரைபாட் இந்த வேலைக்கு உதவும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னங்களில் டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். அது கிடைக்காத இடத்தில், துணியை மடித்துத் தூணின் பீடத்தின்மீதோ தரையிலோ கேமராவை வைத்து, தானியங்கி நேரக்கணிப்பானால் இயக்குவது பழைய, நம்பத்தக்க வழி.

நிறத்தில் ஏற்படும் குழப்பம் வேறு வகையானது. ஒளியின் நிறச்சாயல் கெல்வின் அலகில் சொல்லப்படுகிறது: இழைக் குண்டு பல்பு ஏறத்தாழ 2700, நேர் வெயில் 5500, நிழற்பக்கச் சன்னலில் நுழையும் வானொளி 7000-க்கும் மேல். எண் கூடக்கூட நீலம் கூடும். வெள்ளைத் தாள் எந்த ஒளியிலும் வெள்ளையாகத் தோன்றுமாறு மூளை சமன்செய்துகொள்கிறது. கேமராவின் வெண்சமன் ஏற்பாடு அதையே செய்ய முயன்றாலும், முழுச் சட்டகத்துக்கும் ஒரே எண்ணையே தேர்ந்துகொள்கிறது. சன்னலொளியும் பல்பொளியும் கலந்த அறையில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். மிகச் சிறந்த தீர்வு செலவில்லாதது: பகலில் விளக்குகளை அணைத்துவிடுவது. அணைக்க முடியாத பொதுக் கட்டடங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. இந்தியாவின் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டதால் தரம் குறைந்த எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் நேரம் அதைவிடக் குறுகினால் படத்தில் பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 நொடியிலோ, அதைவிட மிக நீண்ட நேரத்திலோ எடுத்தால் அவை மறையும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் காகித நெகடிவ்கள் நீலத்தையும் புறஊதாவையுமே உணர்ந்தன. செம்மஞ்சளான எண்ணெய்விளக்கு அவற்றுக்கு இல்லாததற்குச் சமம். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லினியஸ் டிரைப் 1858-இல் மதுரையின் புது மண்டபத்துத் தூண்வரிசை நடைவழியைப் படமாக்க முடிந்ததற்கு, அந்த மண்டபம் பக்கங்களில் திறந்து வானொளியை உள்ளே விட்டதே அடிப்படை. விடுமுறையில் இங்கிலாந்து சென்றிருந்தபோது ஆர்வத்தால் இக்கலையைக் கற்ற படையதிகாரி அவர்.

ஃபிளாஷ் விளக்கைத் தொடக்கநிலையில் ஒதுக்கிவைப்பதே நலம். கேமராவின் மேலிருந்து பாயும் ஒளி தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், 2 மீட்டரில் உள்ள நாற்காலியைவிட 8 மீட்டரில் உள்ள சுவருக்கு 16-இல் ஒரு பங்கே கிடைக்கிறது; முன்னது வெளுத்துப் பின்னது இருள்கிறது. வெள்ளை மச்சில் பட்டுத் தெறிக்கவிட்டால் இந்த ஏற்றத்தாழ்வு தணியும், மச்சு தாழ்வாக இருந்தால். இயற்கை ஒளியே புகாத இடங்களுக்கு வேறு வழி இல்லை. ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் சார்லஸ் பியாஸி ஸ்மித் 1865-இல் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் மக்னீசியத்தை எரித்தே படமெடுத்தார், அது எரிகையில் எழும் வெண்புகையையும் பொறுத்துக்கொண்டு.

வெளியொளியையும் உள்ளொளியையும் ஒரே பதிவில் சமன்செய்ய விரும்புவோருக்கு நாளின் ஒரு வேளை தானாகவே உதவுகிறது. சூரியன் மறையும் தறுவாயில் தெளிந்த வானத்தின்கீழ் சில நூறு லக்ஸாக இருக்கும் ஒளி, சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்குவதற்குள் சில லக்ஸாகச் சுருங்கிவிடுகிறது. இடையில் ஏதோ ஒரு கட்டத்தில் அது அறை விளக்கின் ஒளிக்குச் சமமாகியே தீரும். கட்டடக்கலை ஒளிப்படக்காரர் ஜூலியஸ் ஷுல்மன் 1960-இல் லாஸ் ஏஞ்சலஸ் மலைச்சரிவில், பியர் கோனிக் வடிவமைத்த கண்ணாடி வீட்டை எடுத்தபோது அந்தக் கட்டம் கடந்து இரவாகியிருந்தது. நகரத்தின் விளக்குகளுக்காகச் சில நிமிடங்கள் ஷட்டரைத் திறந்துவைத்து, பின்னர் அதே ஃபிலிமில் ஃபிளாஷால் வீட்டின் உட்புறத்தைப் பதிந்து, அவர் இரண்டையும் சேர்த்தார். அந்தத் திறமை இல்லாதவர் பொழுதை நம்ப வேண்டும். பொழுதோ இடத்துக்கு இடம் மாறுகிறது. லண்டனில் கோடைநடுவில் இந்த அந்தி முக்கால் மணிநேரத்துக்கும் மேல் நீடிக்கையில், சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்கும் சென்னையின் குறுக்குக்கோட்டில் அது 22 நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடுகிறது. ஒளி சமமாக நிற்பது அதிலும் சில நிமிடமே என்பதால், இங்கே டிரைபாட், மட்டம், குவியம் ஆகிய மூன்றையும் சூரியன் மறைவதற்கு முன்பே முடித்துவிட்டு, மறைந்த பின் ஓரிரு நிமிடத்துக்கு ஒரு முறை ஷட்டரை அழுத்தி, தக்க படத்தை வீட்டில் தேர்ந்துகொள்வதே நடைமுறை.